அப்பாவின் ரிப்போர்ட்டில் உள்ள 60 சதவீதம்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நுரையீரல் புற்றுநோய், நான்காவது நிலை என்கிறார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘பிடி-எல்1: 60%’ என்று இருக்கிறது. நோயெதிர்ப்பு அணுக்களின் மரபணு அடையாளங்களை வைத்து ஒருவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று சொல்லிவிடலாமாமே, அந்த டெஸ்டையும் எடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோய் 60 சதவீதம் முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அப்பாவின் கட்டியிலிருந்து எடுத்த மெல்லிய சீவலுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். 100 புற்றணுக்களில் 60-ன் விளிம்பு பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அந்தப் பழுப்புதான் பிடி-எல்1 புரதம். நோயை எதிர்க்கும் டி செல் பக்கத்தில் வந்ததும், அதன் மேலுள்ள பிடி-1 என்ற புரதத்தைத் தொட்டு, அந்த செல்லையே அடக்கிவிடும். பிடி-1-ஐ 1992-ல் கண்டறிந்தவர் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ. 2018-ல் நோபல் பெற்றார். அந்தத் தொடுகையைத் தடுப்பதுதான் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி ஊசி. பிடி-எல்1 50-க்கு மேல் இருந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், இந்த ஊசியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 32 சதவீதம் பேர் 5 ஆண்டுக்குப் பிறகும் இருந்தார்கள். கீமோவில் தொடங்கியவர்களில் 16. ஆக, அப்பாவின் 60 கொஞ்சம் நம்பிக்கை தரும் எண்தான்.

நீங்கள் கேட்ட டெஸ்ட்? கட்டிக்குள் டி செல்கள் நிறைய நுழைந்திருப்பவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த சராசரி. உங்கள் அப்பாவின் நாட்களை அது எண்ணிச் சொல்லாது. அதனால் மருந்தும் மாறப்போவதில்லை. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

மருந்தையே மாற்றக்கூடிய டெஸ்ட் வேறு: புற்றணுவில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றம் இருக்கிறதா என்பது. நம் நாட்டில் அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகைக்காரர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது. அவர்களுக்கு மாத்திரைதான் முதல் மருந்து. பிடி-எல்1 எவ்வளவு இருந்தாலும் இம்யூனோதெரபி பெரிதாக உதவாது. அவசரப்பட்டு ஊசி போட்டுவிட்டு, அப்புறம் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரலில் கடும் அழற்சி வரும் ஆபத்தும் உண்டு. அதனால் அந்த ரிசல்ட் வந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள். வராமல் ஊசி வேண்டாம்.

இன்னொரு முறை பயாப்சியா என்று பயப்படாதீர்கள். எடுத்த சதையை மெழுகில் பதித்து ‘பிளாக்’காக வைத்திருப்பார்கள். மிச்சமிருந்தால் அதிலேயே செய்யலாம். தீர்ந்திருந்தால் ரத்தத்தில் பார்க்க வழியிருக்கிறதா என்று கேளுங்கள்.