வலி ஆய்வுக்கு ரத்தம் எடுக்கும்போது

மன்னார்குடி, முன்னாள் ராணுவ வீரர்: காயம்பட்ட காலில் இன்னும் எரிச்சல் இருக்கிறது. ஆய்வுக்கு ரத்தம் கேட்கிறார்கள். மறுத்தால் சிகிச்சை பாதிக்குமா?

பாதிக்கக் கூடாது. மேலதிகாரிக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர்களை வற்புறுத்தக் கூடாது என்பதால்தான் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள் படையினருக்குத் தனிப் பாதுகாப்பு கேட்கின்றன. தமிழ் ஒப்புதல் படிவத்தை வாங்கி, மிச்ச ரத்தத்தை எத்தனை வருஷம் வைப்பார்கள், மரபணுவைப் பார்ப்பார்களா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாதியில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

திருவாரூர், லேப் டெக்னீஷியன்: முகாமில் எடுக்கும் சீரம் அடிக்கடி இளஞ்சிவப்பாக வருகிறது. ஏன்?

சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர். அது சிவந்தால் சிவப்பணுக்கள் உடைகின்றன. ஸ்பிரிட் காயும் முன் குத்துவது, மெல்லிய ஊசி, சிரிஞ்சை வேகமாக இழுப்பது, டியூபைக் குலுக்குவது, பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். 21 கேஜ் ஊசி போடுங்கள். கைப்பட்டையை ஒரு நிமிஷத்துக்குள் தளர்த்துங்கள். ஊதா மூடி டியூபை (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உள்ளது) 8 முதல் 10 தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். சிவப்பு மூடி டியூப் 30 நிமிஷம் நிமிர்ந்தே நின்று உறையட்டும், அதன் பிறகே சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிரியுங்கள். ஐஸ் கட்டி ரத்த டியூபை நேராகத் தொடக் கூடாது. நடுவில் துண்டைச் சுற்றுங்கள். பிரித்ததை அரை மில்லியாகப் பல குப்பிகளில் பங்கிட்டு மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குப்பியை உருக்கி, உறையவைத்து, மறுபடி உருக்கினால் அழற்சிப் புரதங்களின் அளவை நம்ப முடியாது. இன்னொன்று: நரம்பணுக்கள் வளர உதவும் பிடிஎன்எஃப் புரதம் ரத்தம் உறையும்போது தட்டணுக்களிலிருந்து கொட்டும். அதனால் ஒருவருக்குச் சீரம், இன்னொருவருக்குப் பிளாஸ்மா (உறையவிடாமல் பிரித்த தெளிநீர்) என்று எடுத்தால் ஒப்பிடவே முடியாது.

கும்பகோணம்: உமிழ்நீர் எடுக்கும் முன் வெற்றிலை போடலாமா?

வேண்டாம். சுண்ணாம்பும் பாக்கும் பரிசோதனையைக் குழப்பும். காபியும் கூடாது. வாயைத் தண்ணீரில் கொப்பளித்து, 10 நிமிஷம் கழித்து எடுங்கள். கார்டிசால் காலையில் ஏறி இரவில் இறங்கும் என்பதால் எழுந்த நேரம், எடுத்த நேரம் இரண்டையும் குப்பியிலேயே எழுதுங்கள்.

பட்டுக்கோட்டை, செவிலியர்: 0 முதல் 10 வரை எண் கேட்டால், "குடையுதுங்க" என்கிறார்கள். எப்படிக் குறிப்பது?

சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவிட்டுப் பிறகு எண்ணைக் கேளுங்கள். எரிச்சல், சுரீர், மதமதப்பு என்றால் நரம்புவலியாக இருக்கலாம். நரம்புவலியைக் கண்டறியும் டிஎன்4 கேள்வித்தாளில் 10க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் அதற்கே வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயும் இதே எரிச்சலைத் தரும், ஊதா டியூபிலேயே எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பார்த்துவிடுங்கள். அமெரிக்கப் படையினருக்காக உருவான வலி அளவுகோல் எண்ணோடு தூக்கம், வேலை, மனநிலை, மன அழுத்தத்தையும் கேட்கிறது. அதை நாமும் கேட்கலாம். கால் எடுக்கப்பட்டவர் "இல்லாத விரல் வலிக்குது" என்றால் அது மெய்யான வலி. வெட்டிய முனையின் வலியோடு சேர்க்காமல் தனி வரியில் எழுதுங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். மாதிரிக்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.