முதலில் தலையை அளந்துகொள்ளுங்கள்

குழந்தைகளின் உடை தைக்கப் பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் எந்தப் பள்ளியிலும் தையல் படித்தவள் அல்ல. தைத்துப் பிரித்து, பிரித்துத் தைத்துக் கற்றவள்.

கேள்வி: ஒரு வயது மகளுக்குக் கவுன் தைத்தேன். மார்பளவு கச்சிதம், ஆனால் தலை நுழையவில்லை. எங்கே பிசகு?

பதில்: பெரியவர்களின் சட்டையைச் சுருக்கினால் குழந்தைச் சட்டை ஆகிவிடும் என்று நினைப்பதில்தான் பிசகு. ஒரு வயதில் தலைச் சுற்றளவு சுமார் 18 அங்குலம். மார்புச் சுற்றளவும் ஏறக்குறைய அதேதான். எனவே டேப்பை எடுத்ததும் முதலில் தலையை அளக்க வேண்டும். தலை நுழையட்டும் என்று கழுத்தை அகலமாக வெட்டினால் கவுன் தோளில் நிற்காமல் நழுவும். கழுத்தைச் சிறியதாகவே வைத்து, முதுகு நடுவில் கீறி, கீறலின் ஓரங்களில் பட்டித் துணி வைத்துத் தையுங்கள். கழுத்துச் சுற்று 11 அங்குலம், கீறல் 5 அங்குலம் என்றால் கீறலின் இரண்டு ஓரமும் சேர்ந்து திறப்பு 21 அங்குலம் ஆகிவிடும், தலை தாராளமாக நுழையும். கீறல் முடியும் இடத்தில் இரட்டைத் தையல் போடாவிட்டால் இரண்டாம் நாளே கிழியும். நீங்கள் தைத்த கவுனையும் இப்படியே காப்பாற்றிவிடலாம், தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: மிதிக்கும்போது மிஷின் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துபோகிறது.

பதில்: நூலையே கழற்றிவிடுங்கள். பழைய ஊசி ஒன்றை மாட்டி, கோடு போட்ட நோட்டுத்தாளில் துளைகள் கோட்டின் மேலேயே விழும்படி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றிவிட்டு, அதன்பின் மிதியுங்கள். ஒரு வாரத்தில் கால் பழகிவிடும். காகிதம் குத்திய ஊசி மழுங்கிவிடும், அதைத் துணிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: என் தோழிதான் பேசிப் பேசி மிஷின் வாங்க வைத்தாள். மூன்று துணி வீணாகிவிட்டது. எதைக் காட்டினாலும் "அருமை" என்கிறாள். நம்பலாமா?

பதில்: "அருமை"யை நம்பாதீர்கள், தோழியை விட்டுவிடாதீர்கள். எனக்கும் ஒருத்தி இருந்தாள். தன் பழைய பருத்திச் சேலையைக் கொண்டுவந்து போட்டு, "இதில் வெட்டிப் பழகு, கெட்டுப்போனால் கரித்துணிக்கு ஆகும்" என்றாள். அதில் நான் தைத்த முதல் கவுனில் கைகள் இடம் மாறிவிட்டன. கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடச் சற்று ஆழமாக இருக்கும், அதைக் கவனிக்காமல் இடதை வலதில் வைத்துத் தைத்திருந்தேன். அவள் வாயே திறக்கவில்லை. தன் மகளுக்கு அதை மாட்டிவிட்டு, "சாமி கும்பிடு கண்ணு" என்றாள். பிள்ளை கையைத் தூக்க, கவுன் முழுவதும் வயிற்றுக்கு மேலே ஏறிவிட்டது. மூவரும் சிரித்தோம். பிறகு பிளேடை என் கையில் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனாள். அவள் டம்ளருடன் திரும்புவதற்குள் ஒரு கையைப் பிரித்திருந்தேன். அன்றிலிருந்து, வெட்டியதும் முன்பக்கத் துண்டுகளில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவேன். உங்கள் தோழியிடமும் துணியைக் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்காதீர்கள். குழந்தைக்குப் போட்டு, எங்கே இழுக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு வயது மகளுக்குப் பட்டுப்பாவாடை. அடுத்த வருடமும் போட வேண்டும்.

பதில்: டக் பிடியுங்கள், அதாவது துணியைக் குறுக்காக மடித்து அந்த மடிப்பைத் தைத்துவிடுங்கள். அரை அங்குல டக் ஒன்று ஓர் அங்குல நீளத்தை உள்ளே வாங்கும். மூன்று பிடித்தால் மூன்று அங்குலம் கையிருப்பு. பட்டில் ஊசித்தடம் மறையாது என்பதால் பார்டர் அருகே பிடிக்க வேண்டாம். கொசுவம் வைக்குமுன் இடுப்புக்குச் சற்றுக் கீழே பிடித்தால், பிரித்த பிறகும் தடம் கொசுவத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மேல்பகுதியான பாடியின் பக்கத் தையல்களிலும் ஓர் அங்குலம் உள்ளே விட்டுவையுங்கள்.

கேள்வி: ஒரே துவையலில் பருத்திச் சட்டை சுருங்கிவிட்டது.

பதில்: வெட்டுமுன் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். கடைக்காரர் சுருங்காது என்று சத்தியம் செய்தாலும்.

கேள்வி: திருப்பூர் கட்பீஸ் பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழுகிறது.

பதில்: சாதாரண ஊசி பனியன் இழையைக் குத்தி அறுக்கும். முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி கேட்டு வாங்குங்கள். தைக்கும்போது துணியைப் பிடித்து இழுக்காதீர்கள், ஓரம் அலை அலையாக வந்துவிடும்.

கேள்வி: பிறக்கப்போகும் பேத்திக்கு ஜபலா தைக்கிறேன். கழுத்தில் நாடா வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுநாடா கூடாது என்று ஐரோப்பாவில் தர விதியே இருக்கிறது. முன்பக்கம் திறப்பு வைத்து, மார்புக்குக் கீழே பக்கவாட்டில் சின்ன முடிச்சாக வையுங்கள். பட்டன் எதுவும் வேண்டாம், பிய்ந்தால் வாய்க்குத்தான் போகும். தையல் பிசிறு வெளிப்பக்கம் இருக்கட்டும், பச்சைக்குழந்தையின் தோலில் உரசக் கூடாது. துணிக்குக் கடைக்குப் போகாதீர்கள், உங்கள் பீரோவில் நைந்துபோன பருத்திச் சேலை ஒன்று நிச்சயம் இருக்கும்.