நான்சியின் கோமகன்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் பிரான்ஸில் நான்சி நகருக்குப் போயிருந்தேன். ஸ்தானிஸ்லாஸ் சதுக்கத்தின் பொன் பூசிய இரும்புவேலியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் நடுவே சிலையாக நிற்பவர் போலந்து மன்னர். பல நூற்றாண்டுகள் லொரேன் என்ற பகுதியை ஆண்ட கோமகன்களின் (டியூக்குகளின்) தலைநகர் அது என்கிறார்கள். சொந்த மண்ணின் பரம்பரையை ஊர் மறந்துவிட்டதா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

மறக்கவில்லை. சதுக்கத்திலேயே நின்றுவிட்டால் அப்படித்தான் தோன்றும்.

முதலில் அந்தப் போலந்துக்காரரைப் பற்றி. ஸ்தானிஸ்லாஸ் இரண்டு முறை போலந்து அரியணையை இழந்தவர். அவர் மகள் மரி 1725இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியை மணந்தாள். லொரேனின் கடைசிப் பரம்பரைக் கோமகன் பிரான்சுவா, ஆஸ்திரியாவின் மரியா தெரசாவை மணப்பதற்காகத் தன் முன்னோர் மண்ணைக் கொடுத்துவிட்டு இத்தாலியின் டஸ்கனியை வாங்கிக்கொண்டார். அப்படிக் காலியான இடத்தில் 1737இல் வந்து அமர்ந்தவர்தான் லூயியின் மாமனார் ஸ்தானிஸ்லாஸ். அவர் இறந்ததும் லொரேன் பிரான்ஸுக்குப் போய்விடும் என்பது ஏற்பாடு. உண்மையான அதிகாரம் பிரெஞ்சு அரசர் அனுப்பிய ஆட்சியாளரிடம் இருந்தது. ஸ்தானிஸ்லாஸுக்குக் கிடைத்தது பட்டமும் ஆண்டுதோறும் வரும் பணமும்தான். ஆள முடியாதவர் கட்டினார்.

சதுக்கம் 1752 முதல் 1755 வரை எழுந்தது. கட்டடக்கலைஞர் எமானுவேல் எரே. நீங்கள் மயங்கிய இரும்புவேலை ஜான் லமூருடையது. அப்போது நடுவே நின்றது மருமகன் லூயியின் சிலை. பிரெஞ்சுப் புரட்சியில் அது போனது. 1831இல்தான் ஸ்தானிஸ்லாஸ் அங்கே ஏறினார், அதுவும் பீடத்தில் 'நன்றியுள்ள லொரேன்' என்ற எழுத்தோடு. யாரும் திணித்த சிலை இல்லை அது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

சரி, பழைய கோமகன்கள் எங்கே? சதுக்கத்தின் வளைவைத் தாண்டினால் வரும் நீண்ட திடல், ஒரு காலத்தில் அவர்கள் குதிரைப்போட்டி நடத்திய இடம். அதையும் கடந்தால் பழைய நகரம். அங்கே கோமகன் அரண்மனை, பக்கத்திலேயே அவர்களின் கல்லறைகள் உள்ள கொர்தெலியே தேவாலயம்.

அந்தத் தேவாலயத்துக்காகவே நீங்கள் இன்னொரு முறை போக வேண்டும். 1477 ஜனவரி 5 அன்று, உறைபனியில், பர்கண்டியின் கோமகன் சார்ல் இந்த ஊரை முற்றுகையிட்டபடியே தோற்று இறந்தார். ஓநாய்கள் கடித்துக் குதறிய உடலை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டெடுத்தார்கள். வென்ற லொரேன் கோமகன் இரண்டாம் ரெனே கட்டிய தேவாலயம் இது. உள்ளே ரெனேயின் மனைவி பிலிப்பா கல்லில் படுத்திருக்கிறார். கணவர் மறைந்த பின் துறவு பூண்டவர். சிற்பி லிஜியே ரிஷியே அவரைக் கன்னியர் உடையில், சுருங்கிய முகத்தோடு, எந்த அலங்காரமும் இல்லாமல் செதுக்கியிருக்கிறார். பொன் பூசிய வேலியைப் பார்த்த கண்ணுக்கு அந்த முகம் வேறு ஒரு நான்சியைக் காட்டும்.

பரம்பரையும் அங்கே அற்றுப்போகவில்லை. பிரான்சுவா வழி வந்தவர்களே ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க்-லொரேன் குடும்பம். ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசரின் மகன் ஓட்டோ, நாடிழந்து வாழ்ந்த நாளில், 1951இல் இதே கொர்தெலியே தேவாலயத்துக்கு வந்துதான் திருமணம் செய்துகொண்டார். டஸ்கனிக்காக விட்டுக்கொடுத்த மண் இருநூறு ஆண்டு கழித்தும் அவர்களுக்குத் தாய்மண்ணாகவே இருந்திருக்கிறது.

அப்புறம், ஸ்தானிஸ்லாஸின் கல்லறை இந்தக் கோமகன்களோடு இல்லை. ஊரின் இன்னொரு பக்கம், அவரே கட்டிய பொன்செகூர் தேவாலயத்தில் மனைவியோடு அடக்கம் செய்யப்பட்டார். அங்கே முன்பு ரெனே எழுப்பிய சிறு வழிபாட்டிடம் ஒன்று இருந்தது, 1477 போரில் மடிந்து அங்கேயே புதைக்கப்பட்ட பர்கண்டி வீரர்களுக்காக.