ஒன்பது மாத ஊசி போட்டாயிற்றே!

கேள்வி: குழந்தைக்கு ஒன்பது மாதத்தில் தட்டம்மை ஊசி போட்டாயிற்று. ஒன்றரை வயதில் மறுபடியும் வரச் சொல்கிறார் நர்ஸ் அம்மா. அதே ஊசி எதற்கு இரண்டு தடவை?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: இரண்டாவதை வெறும் 'பூஸ்டர்' என்று நினைத்துத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊசியில் இருப்பது வலுக் குறைத்த உயிருள்ள வைரஸ். அது உடலுக்குள் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலும் மிச்சமிருந்து, அதைப் பெருகவிடாது. அதனால் அந்த வயதில் 100 பேரில் சுமார் 85 பேருக்குத்தான் ஊசி பலிக்கும். மீதி 15 பேர் யார் யாரென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களுக்கு 16-24 மாதத்தில் போடுவதுதான் உண்மையில் முதல் ஊசி. ஊருக்குள் தட்டம்மை பரவாமலிருக்க 95 சதவீதம் பேருக்காவது எதிர்ப்புச் சக்தி வேண்டும். ஒரே ஊசியோடு எல்லோரும் நின்றுவிட்டால் அந்தக் கணக்கு எட்டாது. தேதி தவறிவிட்டதா? ஐந்து வயதுவரை அரசுத் திட்டத்தில் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவே 4 வாரமாவது இடைவெளி வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: மதியம் போனபோது, காலையில் கலக்கிய மருந்து பாதி பாட்டில் இருந்தும் போட மறுத்துவிட்டார்கள். ஏன்?
- வாசகர், அரியலூர் மாவட்டம்

பதில்: மறுத்ததுதான் சரி. தூளில் கரைப்பான் சேர்த்த பிறகு 4 மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் வீரியம் போவது ஒரு பக்கம். கிருமி வளர்ந்து குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசி நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையனுக்கு மணல்வாரி (தட்டம்மை). எங்கள் பிள்ளைக்கு ஒரு வயது, ஊசி போடவில்லை. இனி போட்டுப் பலனுண்டா?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: நெருங்கிப் பழகி 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. சிக்கல் என்னவென்றால், தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே அது பரவும். நீங்கள் கேள்விப்படும்போது கெடு தாண்டியிருக்கலாம். இருந்தாலும் போடுங்கள், இந்த முறை தப்பினால் அடுத்த முறைக்கு ஆகும். சளியோ லேசான பேதியோ தடையில்லை.

அந்தப் பையன் வீட்டில் வேப்பிலை செருகுவதில் கெடுதலில்லை. பத்தியம் என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைப்பதுதான் கெடுதல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஒரு வயது தாண்டியவர்களுக்கு 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுப்பார்கள்; பார்வையையும் உயிரையும் காப்பது அது. மூச்சு வாங்கினால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.