அக்காகிட்ட கேளுங்க: அப்பாவுக்கு எத்தனை வயசுல வந்துச்சு?

போன இதழ்ல "டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி குடும்பத்துல யாருக்கு என்ன நோய் வந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. நான் டாக்டர் இல்ல, சிங்கப்பூர் அரசாங்க பாலிகிளினிக்ல நர்ஸா ரொம்ப வருஷம் வேலை பார்த்தவ, அங்க தினம் பார்த்ததை வச்சுத்தான் சொல்றேன். உங்க உடம்புக்கு எது சரின்னு உங்க டாக்டர்தான் முடிவு சொல்லணும்.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, உட்லண்ட்ஸ்ல இருக்கேன். எங்க புளோக் கீழ இருக்கிற கிளினிக்ல புதுசா பதியும்போது ஒரு ஃபாரம் கொடுத்தாங்க, குடும்பத்துல யாருக்காவது நோய் இருக்கான்னு அதுல கேட்டிருந்துச்சு, நான் இல்லன்னு டிக் பண்ணிட்டேன். எங்கப்பா 51 வயசுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தவர்தான், எழுந்திரிக்கவே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட படுத்ததில்ல, ஒரு மாத்திரை சாப்பிட்டதில்ல, அதனால அதை நோய்ன்னு நான் நினைக்கல. போய் மாத்திச் சொல்லுங்கன்னு மனைவி விடாம சொல்லிட்டே இருக்கா. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, அவசியமா?

பதில்: அவசியம் தம்பி, இந்த வாரமே போங்க. உங்கப்பா மாத்திரை சாப்பிடலன்னா அவருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலன்னுதான் எடுத்துக்கணும். அப்பாவுக்கோ கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்கு முன்னாடி, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65க்கு முன்னாடி மாரடைப்பு வந்திருந்தா டாக்டருங்க அதைத் தனியா குறிச்சுக்குவாங்க. 80 வயசுல போன தாத்தாவும் 51ல போன அப்பாவும் அவங்க கணக்குல ஒண்ணு இல்ல. அதனாலதான் நோய் பேரைக் கேட்டதும் அடுத்து "எத்தனை வயசுல?"ன்னு கேப்பாங்க, நம்ம ஆளுங்க பெரும்பாலும் அந்த இடத்துலதான் முழிப்போம்.

நம்ம நாட்டுல சுகர், பிரஷர், கொழுப்பு பரிசோதனையை பொதுவா 40 வயசுலேர்ந்து பண்ணச் சொல்றாங்க, குடும்ப டாக்டர்கிட்ட பதிஞ்சுக்கிற ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்துக்கும் 40தான். உங்களுக்கு 38ங்கிறதால யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க, இந்த ஒரு தகவலைச் சொன்னா டாக்டரே முன்கூட்டிப் பார்த்துடலாம்னு சொல்லுவாரு. கெட்ட கொழுப்பு ரொம்ப ஏறியிருந்தா அது சாப்பாட்டால மட்டும் வந்ததா, பரம்பரையா வந்ததான்னும் யோசிப்பாங்க. பரம்பரையா பிறவியிலேர்ந்தே கொழுப்பு ஏறியிருக்கிற வகை ஒண்ணு இருக்கு, பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆள் ஒல்லியா இருப்பாரு, மீ கோரெங் பக்கமே போயிருக்க மாட்டாரு, ஆனாலும் இருக்கும். இதுக்கான மரபணு பரிசோதனையை 2025 ஜூன் கடைசியிலேர்ந்து சுகாதார அமைச்சு மானியத்தோட தேசியத் திட்டமாவே கொண்டுவந்திருக்கு. உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம், முதல்ல சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். ஆனா மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிச்சு உடனே விடலன்னா அப்பாயிண்ட்மென்ட் அது இதுன்னு காத்திருக்காதீங்க, ஆம்புலன்ஸுக்கு 995 அடிங்க. உங்க மனைவி சொல்றது சரி, அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

கேள்வி: எங்க பாட்டி, அம்மா, ரெண்டு மாமா எல்லாருக்கும் இனிப்பு நீர். எனக்கும் எப்படியும் வரப்போகுது, வர்றது வரட்டும், இப்பவே எதுக்கு ஊசி குத்திப் பார்க்கணும்? (ஈசூன் வாசகி, வயசு 33)

பதில்: இப்படிச் சொல்ற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கேன் மா, கேக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா இது ஒண்ணுலதான் குடும்பக் கதை தெரிஞ்சா உண்மையிலேயே ஏதாவது பண்ண முடியும். நம்ம இந்தியர்களுக்கு இது அதிகம்ங்கிறது நிஜம்தான், 2010 தேசிய சுகாதார ஆய்வுல மொத்தமா 11.3 விழுக்காடுன்னு வந்தப்ப இந்தியர்கள்ல 17.2 விழுக்காடு இருந்துச்சு. ஆனா சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு பண்ணி 2006ல வெளிவந்த ஆய்வு ஒண்ணு இருக்கு, சுகர் வர்ற எல்லைக்கோட்டுல இருந்த நம்ம ஆளுங்களையே வச்சு மூணு வருஷம் பார்த்தாங்க. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடுன்னு இருந்தவங்களுக்கு மத்தவங்களை விட 28.5 விழுக்காடு குறைவாத்தான் சுகர் வந்துச்சு, மருந்து இல்லாமலே. எல்லாருக்கும் தப்பிச்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா வரப்போறவங்கள்ல பல பேருக்கு அந்தக் காலத்துக்குள்ள வரல. அது சின்ன விஷயமா?

18லேர்ந்து 39 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்குன்னே சுகாதார மேம்பாட்டு வாரியம் ஒரு கேள்வித்தாள் வச்சிருக்கு, போன்லயே போடலாம், அதுல குடும்பத்துல இருக்கான்னும் கேப்பாங்க. ஆபத்து அதிகம்னு வந்தா பரிசோதனைக்கு மானியமும் உண்டு. உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கிற பிஎம்ஐ கணக்கு நமக்கு 23 தாண்டினாலே எச்சரிக்கைதான், 25 வரைக்கும் பரவால்லன்னு விட்டுடாதீங்க. பிள்ளை உண்டாகியிருந்தப்ப சுகர் ஏறி அப்புறம் இறங்கிப் போயிருந்தா அதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும்.

கேள்வி: எனக்கு 24 வயசு. எங்க அத்தைக்கு 42 வயசுல மார்பகப் புற்றுநோய் வந்துச்சாம், அப்பாயி வயித்துல கட்டி வந்து போனாங்களாம். இதெல்லாம் எனக்குப் போன மாசம்தான் தெரியும், வரன் பார்க்கிற நேரத்துல பேசக்கூடாதுன்னு மறைச்சிருக்காங்க. அம்மா சொல்றாங்க, அது அப்பா வழிதானே, உனக்கு வராதுன்னு. நிஜமா அக்கா? (செங்காங்)

பதில்: இல்லம்மா. பாதி மரபணு அப்பாகிட்டேர்ந்துதான் வருது, மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுற பிஆர்சிஏங்கிற மரபணு மாற்றம் ஆம்பளைங்க வழியாவும் இறங்கலாம், அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வர்றது ரொம்ப அபூர்வம்ங்கிறதால கண்ணுக்குத் தெரியாமப் போகும். அப்பாயியோட "வயித்துக் கட்டி" கர்ப்பப்பையா, சினைப்பையா, குடலான்னு யாருக்காவது ஞாபகம் இருக்கான்னு கேட்டுப் பாருங்க, சினைப்பைன்னா அத்தையோட நோயோட சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். நம்ம நாட்டுல மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற மேமோகிராம் பொதுவா 50 வயசுலேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, 40லேர்ந்து 49 வரைக்கும் டாக்டர்கிட்ட பேசி முடிவெடுக்கணும். உங்களுக்கு இப்ப மேமோகிராம் தேவைப்படாது, ஆனா இந்தக் கதையை வச்சு குடும்ப டாக்டர் உங்களை மரபியல் ஆலோசனைக்கு அனுப்பலாம், தேசிய புற்றுநோய் நிலையத்துல அதுக்குன்னே பிரிவு இருக்கு. ஒரு விஷயம், பரிசோதனைன்னு வந்தா முதல்ல நோய் வந்தவங்களுக்குப் பண்றதுதான் நல்லது, அத்தை இருக்காங்கன்னா அவங்ககிட்ட பேசுங்க. அவங்களுக்குள்ளயும் இத்தனை வருஷமா யாரும் கேக்கலையேன்னு இருக்கும்.

மறைக்கிற பெரியவங்க மேல கோவப்படாதீங்க. "என்ன நோய்?"னு நேரா கேட்டா வாயை மூடிக்குவாங்க. நான் வேற மாதிரி கேப்பேன்: கடைசி காலத்துல கால்ல புண்ணு ஆறாம இருந்துச்சா, கண்ணு மங்கிப் போச்சா, தாத்தா பால் சக்கரை இல்லாத கோப்பி ஓ கோசோங்தான் குடிப்பாராமே ஏன்? அதுலயே சுகர் கதை பாதி வந்துடும். வயசு தெரியாதும்பாங்க, அதுக்கும் வழி இருக்கு. எங்க சின்னம்மாகிட்ட 555 குட்டி நோட்டை வச்சுக்கிட்டு உக்காந்தேன், சித்தப்பா எந்த வருஷம் போனாருன்னு அவங்களுக்குத் தெரியல, கொஞ்ச நேரம் கழிச்சு "எம்ஆர்டி ரயில் ஓட ஆரம்பிச்ச வருஷம், அவரு ஏறிப் பார்க்கவே இல்லடி"ன்னு சொல்லி அழுதாங்க. எம்ஆர்டி ஓடினது 1987, சித்தப்பா பிறந்தது 1938, ஆக 49. அந்த எண்ணை எழுதினப்புறம்தான் சித்தப்பா பையன் போய் கொழுப்பு பார்த்தான்.

அமெரிக்காவுல 2004லேர்ந்து நன்றி நவிலும் நாளை குடும்ப சுகாதார வரலாறு கேக்கிற நாளாவே வச்சிருக்காங்க. நமக்கு தீபாவளி இருக்கு, காதணி விழா இருக்கு, அப்ப கேளுங்க. அப்பா அம்மா சொந்தத்துக்குள்ள கட்டினவங்கன்னா, அத்தை மகன் மாமன் மகள்ன்னா, அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கேள்வி: எங்க அண்ணனுக்கு 46 வயசுல குடல் புற்றுநோய். எனக்கு 41. ஐம்பது ஆனதும் மலம் எடுத்து அனுப்புற கிட் வாங்கிப் பண்ணிக்கலாம்னு இருக்கேன், சரிதானே?

பதில்: சரி இல்ல தம்பி. அந்த கிட் சாதாரண ஆபத்து உள்ளவங்களுக்கு. பெத்தவங்க இல்ல கூடப்பிறந்தவங்களுக்கு 60 வயசுக்குள்ள வந்திருந்தா, அவங்களுக்கு வந்த வயசுல பத்தைக் குறைச்சுக்கணும், அந்த வயசு இல்லன்னா 40, எது முன்னாடி வருதோ அப்பவே கேமரா வச்ச குழாயால குடலைப் பார்க்கிற கோலோனோஸ்கோப்பி. 46ல பத்து போனா 36, நீங்க அஞ்சு வருஷம் தாண்டிட்டீங்க. இன்னைக்கே போன் பண்ணி அப்பாயிண்ட்மென்ட் எடுங்க.

கேள்வி: டாக்டர்கிட்ட இதெல்லாம் சொன்னா இன்ஷூரன்ஸ்ல பிரச்னை வருமா?

பதில்: காப்புறுதி ஃபாரத்துல குடும்ப நோயைக் கேட்டா உண்மையைத்தான் எழுதணும், டாக்டர்கிட்ட மறைச்சா அது மாறப் போறதில்ல. மரபணு டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும்னு கம்பெனி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, 2021லேயே அமைச்சும் ஆயுள் காப்புறுதி சங்கமும் அதுக்கு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ஆலோசகர்கிட்ட இதைப் பத்திக் கேளுங்க, அவங்க விளக்கமா சொல்லுவாங்க.

கேள்வி: நான் தத்துப்பிள்ளை. என்னைப் பெத்தவங்க யாருன்னே தெரியாது. ஃபாரத்துல என்ன எழுதுறது?

பதில்: "தெரியாது"ன்னு எழுதுங்க மா, "இல்லை"ன்னு எழுதிடாதீங்க. இல்லைன்னு பார்த்தா டாக்டர் உங்களை ஆபத்து குறைஞ்சவங்கன்னு நினைச்சுக்குவாரு, தெரியாதுன்னா கொஞ்சம் கூடுதலா கவனிப்பாரு. பிரஷர், சுகர், கொழுப்பு மூணையும் எப்பலேர்ந்து பார்க்கலாம்னு அவர்கிட்டயே கேளுங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இருந்தா உங்க ரிசல்ட்டை தேதியோட ஒரு நோட்டுல எழுதி வைங்க. அவங்க ஃபாரத்துல எழுதுற குடும்பக் கதை உங்க பேருலேர்ந்து தொடங்கும்.