கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள்

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். ரியல் அனாலிசிஸ் அசைன்மென்ட்டை வகுப்பில் பாதிப் பேர் ஏஐ-யிடம் கேட்டு எழுதுகிறார்கள். ஒரே கணக்கோடு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டுகிறேன், அவர்களுக்கு இரண்டு நிமிஷம். நானும் கேட்கலாமா ஐயா?
- பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி

பதில்: கேளு கண்ணு. ஆனால் அந்த இரண்டு நாளை விட்டுவிடாதே.

போன மாதம் பேத்தி என் போனில் ஒரு ஏஐ-யை ஏற்றிக் கொடுத்தாள். வகுப்பில் வருஷா வருஷம் கேட்ட கேள்வி ஒன்றைக் கொஞ்சம் வேஷம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தட்டுவடை செட் ஒன்றைத் தின்று முடிப்பதற்குள் ஒரு பக்க நிரூபணம் வந்துவிட்டது. நடை அழகு. ஐந்தாவது வரியில் மட்டும் எல்லையையும் (limit) தொகையீட்டையும் (integral, அதாவது பரப்புக் கணக்கு) இடம் மாற்றிப் போட்டிருந்தது. காரணம் கேட்டால், 'தெளிவாகவே' என்று ஒரு சொல்!

அப்படி இடம் மாற்றினால் விடையே மாறிப்போகலாம். ஒரு தாளில் வரைந்து பார். 0-வில் தொடங்கும் முக்கோணம், அடி 1/10, உயரம் 20. பரப்பு 1. அடுத்தது அடி 1/100, உயரம் 200. பரப்பு அதே 1. இப்படியே அடி சுருங்க, உயரம் ஏறட்டும். நீ எந்தப் புள்ளியில் நின்றாலும் ஒரு கட்டத்துக்கு மேல் முக்கோணம் உன்னை விட்டு இடப்பக்கம் ஒதுங்கிவிடும், அப்புறம் அங்கே மதிப்பு 0-தான். ஆக எல்லைச் சார்பு 0, அதன் பரப்பும் 0. பரப்புகளின் எல்லையோ 1. எல்லாவற்றுக்கும் மேலே கூரை போல ஒரு சார்பு இருந்து, அந்தக் கூரையின் பரப்பு முடிவுள்ளதாக இருந்தால் இடம் மாற்ற பிரெஞ்சுக் கணித மேதை லெபேக் (அவர் தேற்றம்) அனுமதி கொடுப்பார். இங்கே அப்படி ஒரு கூரை கிடையாது.

இதைச் சொன்னதும் 'நீங்கள் சொல்வது சரி' என்று பணிவாகத் திருத்திக் கொடுத்தது. அந்த ஐந்தாவது வரியில் என் பென்சில் ஏன் நின்றது தெரியுமா? மாணவனாக இருந்தபோது அதே தப்பைப் பண்ணி, கரும்பலகை முன்னால் அரை மணி நேரம் நின்றவன் நான்.

அதனால் முதலில் உன் நிரூபணத்தை எழுதி முடி. பிறகு 'இதில் ஓட்டை எங்கே?' என்று அதனிடம் கேள். விடையை மட்டும் கேட்காதே. எங்கள் காலத்துக் கைடு ஒன்றில் கழித்தல் குறி ஒன்று அச்சில் விழுந்துபோனது, வகுப்பு மொத்தத்தின் விடைத்தாளிலும் அது விழுந்துபோனது.

கேள்வி: கணித ஒலிம்பியாடிலேயே ஏஐ தங்கம் அடித்துவிட்டதாமே? பையனைக் கணிதத்தில் சேர்க்கலாமா?
- ஒரு தந்தை, ஆத்தூர்

பதில்: உண்மைதான். 2025-இல் கூகுள் டீப்மைண்டின் ஏஐ 6 கணக்கில் 5 போட்டு, 42-க்கு 35 வாங்கியது. அது தங்கத்துக்கான மதிப்பெண். ஆறாவது மட்டும் வரவில்லை. அதை முடித்து 42-ம் வாங்கிய பிள்ளைகள் உண்டு.

அந்த ஆறாவதைப் பையனிடம் கொடுங்கள். 2025-க்கு 2025 கட்டத்தாள். எந்த அளவிலும் செவ்வக ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பதிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் சரியாக ஒரு கட்டம் மட்டும் திறந்திருக்கணும். குறைந்தது எத்தனை ஓடு? விடை 2112. முதலில் 4-க்கு 4 தாளில் பார்க்கச் சொல்லுங்கள், 5 ஓட்டில் முடியும். எனக்கு முதல் நாள் 6 வந்தது.