கிரீஷ் கர்னாட் ஏன் பழங்கதைகளையே நாடகமாக்கினார்?

கேள்வி: நவீன கன்னட நாடகக்காரர் என்கிறார்கள், ஆனால் கிரீஷ் கர்னாட் எடுத்துக்கொண்டது புராணமும் சரித்திரமும்தானே?

கதைதான் பழசு, அதில் அவர் கேட்கும் கேள்வி நம் காலத்தது. 'யயாதி'யையே (1961) பாருங்கள். மகாபாரதத்தில் மகன் புரு, சாபத்தால் கிழவனான அப்பா யயாதிக்குத் தன் இளமையைக் கொடுக்கிறான், எல்லோரும் மெச்சுகிறார்கள். கர்னாட் அங்கே புருவுக்குச் சித்திரலேகா என்றொரு மனைவியைப் புதிதாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார். புருஷன் ஒரே நாளில் கிழவனாகிவிட்டால் அவள் கதி என்ன? இதற்கு அந்த வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

'ஹயவதனா' (1971) இன்னும் குறும்பானது. பத்மினியின் கணவன் தேவதத்தன், அவன் நண்பன் கபிலன் இருவரின் தலைகளும் உடல் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு மூலமான வேதாளக் கதையில் 'தலை யாருடையதோ அவனே கணவன்' என்று தீர்ப்பாகிவிடும். இவர் அதோடு விடவில்லை. அப்புறம் தேவதத்தனின் தலை, கபிலனின் முறுக்கேறிய உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடுகிறது. பத்மினி ஆசைப்பட்ட 'முழு ஆண்' கை நழுவுகிறான். கதையைப் பாடிச் சொல்லும் பாகவதர், கையில் பிடிக்கும் திரை எனக் கர்நாடகக் கூத்தான யட்சகானத்தின் பாணியும் உண்டு.

பெரிய கனவுகளோடு ஆண்டு தோற்ற டெல்லி சுல்தானைப் பற்றிய 'துக்ளக்'கை (1964) நேரு காலத்து ஏமாற்றத்தோடு சேர்த்துப் படிப்பது வழக்கம். சரிதான், ஆனால் அதோடு நிறுத்தினால் சுல்தானையே ஏய்க்கும் சலவைத்தொழிலாளி அஜீஸைத் தவறவிடுவோம். என் கணக்கில் நாடகத்தின் உயிரே அவன்தான்.